சின்ன கேஸில் கஸ்டம் வாட்டர் கூலிங்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய மதர்போர்டுக்கான, 20 லிட்டருக்குக் குறைவான கொள்ளளவுள்ள கம்ப்யூட்டர் கேஸ்களில் பம்ப், ரேடியேட்டர் (கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைக் காற்றில் விடுவது), வாட்டர் பிளாக் (சிப்பின் மேல் அமர்ந்து அதன் சூட்டைக் கூலண்டுக்குக் கொடுப்பது) எல்லாவற்றையும் அடைத்து முடித்த பிறகு திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இவை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவு வைக்காத காரணம் முதலில் வரும். லூப்பை, அதாவது கூலண்ட் சுற்றி ஓடும் பாதையை, பிரிக்க வேண்டிய காரணம் கடைசியில். பெரிய கேஸில் ஒரு ட்யூபைக் கழற்றுவது பத்து நிமிட வேலை. சின்ன கேஸில் அதே ட்யூபில் கை வைக்க கிராஃபிக்ஸ் கார்டு வெளியே வர வேண்டும், அது வர ரேடியேட்டர் நகர வேண்டும், ரேடியேட்டர் நகர கூலண்ட் வடிய வேண்டும். ஆகவே வடிக்காமல் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்து முடிக்கும்வரை ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள்.

முதலில் இரண்டு எண்கள்

கூலண்டின் வெப்பநிலை, கேஸுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை. இந்த இரண்டும் தெரியாமல் "சூடாகிறது" என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. லூப்பின் இணைப்புகளில் உள்ள ஜி 1/4 அளவு மரையில் பொருந்தும் 10 கிலோ ஓம் வெப்ப சென்சார் ஒன்றை லூப்பில் போட்டு, மதர்போர்டில் வெப்ப சென்சாருக்கான இரண்டு பின் சாக்கெட் இருந்தால் அதில் செருகுங்கள். சென்சார் இல்லையா? 20 நிமிடம் கேம் அல்லது சுமைச் சோதனை ஓடவிட்டு, சட்டென்று நிறுத்துங்கள். கிராஃபிக்ஸ் சிப்பின் சூடு சில வினாடிகளில் செங்குத்தாக விழுந்து, பிறகு மெதுவாக இறங்கும். விழுந்து நின்ற அந்த எண் கூலண்டின் வெப்பநிலைக்குச் சில டிகிரி மேலே இருக்கும். தோராயத்துக்கு அது போதும்.

கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் கோளாறு ரேடியேட்டர் பக்கம். சிப்புக்கும் கூலண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் கோளாறு பிளாக் பக்கம். கீழே உள்ள முதல் அறிகுறி முழுக்க இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கிறது.

அறிகுறி 1: வெப்பம் ஏறுகிறது

1அ. சுமை போட்ட சில வினாடிகளிலேயே சிப் உச்சிக்குப் போகிறது, கூலண்ட் சூடாகவில்லை

உண்மையில் கோளாறுதானா என்று பாருங்கள். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைச் சிப்கள் பல முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. எத்தனை ரேடியேட்டர் போட்டாலும் சிப் அந்த எண்ணை நோக்கித்தான் போகப் பார்க்கும். வேகம் குறையாமல் ஓடுகிறது என்றால் பிளாக்கைக் கழற்றாதீர்கள். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) சிப்பின் மின் வரம்பைக் குறைத்தாலே எண் இறங்கும். இன்டெல் சிப்களிலும் மதர்போர்டு தானாகவே மின் வரம்பைத் தூக்கிவிட்டிருக்கலாம். அதையும் முதலில் பாருங்கள்.

அடுத்தது பம்ப். பம்ப் நின்றுவிட்டாலும் இதே அறிகுறிதான் தெரியும்: பிளாக்கில் உள்ள தண்ணீர் கொதிக்கும், சென்சார் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். பயாஸில் பம்பின் சுழற்சி எண் வருகிறதா பாருங்கள். பம்பின் மேல் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். பூஜ்யம் காட்டினால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

பம்ப் ஓடுகிறது என்றால் பிளாக்கின் உள்வழி, வெளிவழி மாறியிருக்கிறதா பாருங்கள். பல சிபியூ பிளாக்குகளில் தண்ணீர் நடுவில் இறங்கி இரு பக்கமும் பிரிந்து போகும். மாற்றிக் கொடுத்தால் சில டிகிரி கூடும். ஆனால் 20 டிகிரி கூடாது. 20 டிகிரி என்றால் தொடர்புதான் சரியில்லை. செப்புத் தட்டின் மேல் ஒட்டியிருந்த பாதுகாப்புப் படலத்தை உரிக்காமலே மாட்டிவிடுவது எல்லோரும் சிரிக்கும், எல்லோரும் செய்யும் தவறு. படலம் இல்லை என்றால் ஸ்குரூக்கள் சமமாக இறங்கியிருக்கின்றனவா, மினி ஐடிஎக்ஸ் போர்டின் நெருக்கத்தில் பிளாக்கின் தாங்கி பக்கத்து ஹீட் சிங்க் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாக்கைத் தூக்கினால் தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் தடவும் பசை) படிந்திருக்கும் விதமே சொல்லிவிடும்: ஒரு ஓரத்தில் மெலிதாகவும் எதிர் ஓரத்தில் தடியாகவும் இருந்தால் பிளாக் சாய்ந்திருக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டில் மட்டும் என்றால் சராசரிச் சூட்டையும் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) சூட்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 10 முதல் 20 டிகிரி இருப்பது வழக்கம். 30-ஐத் தாண்டினால் பிளாக் சிப்பின் மேல் முழுதாக அமரவில்லை. பெரும்பாலும் காரணம் தெர்மல் பேட், அதாவது மெமரி போன்ற பாகங்களுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் மெத்தை. பிளாக்குடன் வந்த தாளில் 1 மி.மீ. என்று போட்ட இடத்தில் 1.5 மி.மீ. வைத்தால், அந்த அரை மி.மீ. பிளாக்கைத் தூக்கிப் பிடித்து, சிப்புக்கு அழுத்தம் போகாமல் செய்துவிடும். குறுக்குக் குறுக்காக, ஒவ்வொரு ஸ்குரூவையும் கால் சுற்றாக இறுக்கி வாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கூடி வந்த சூடு என்றால், பிளாக்கின் உள்ளே இருக்கும் நுண்ணிய செதில்களுக்கு இடையில் அடைப்பு. அதற்கு அறிகுறி 6.

1ஆ. 20, 30 நிமிடத்தில் மெதுவாக ஏறுகிறது, கூலண்டும் சூடு

சின்ன கேஸில் மிக அதிகம் வருவது இதுதான். பம்பையும் பிளாக்கையும் குறை சொல்லி மாற்றிப் பணம் செலவழிப்பவர்கள் பலர். ஆனால் தவறு காற்றில் இருக்கும்.

சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டு மூடியைத் திறந்து 15 நிமிடம் காத்திருங்கள். கூலண்ட் 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்பது உறுதி. பிறகு இந்த வரிசையில் பாருங்கள்.

தூசி வலை. கம்பி வலையும் அதன் மேல் தூசியும் சேர்ந்தால் 15 மி.மீ. மெல்லிய ஃபேன்களால் இழுக்கவே முடியாது.

ஃபேனுக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளி. ஓட்டை இல்லாத மூடிக்கு 5 மி.மீ. தள்ளி ஃபேன் இருந்தால் சத்தம்தான் வரும், காற்று வராது. அடியில் ரேடியேட்டர் என்றால் கேஸின் கால்களை உயர்த்திப் பாருங்கள்.

ஒன்றின் மூச்சை மற்றொன்று குடிப்பது. கீழ் ரேடியேட்டர் உள்ளே தள்ளும் சூடான காற்றை மேல் ரேடியேட்டர் வெளியே எடுக்கிறது என்றால் மேல் ரேடியேட்டர் பாதி வேலைதான் செய்யும். இரண்டு ரேடியேட்டருக்கும் வெளிக்காற்று கிடைக்கும்படி ஒரு தடவை ஃபேன்களைத் திருப்பிப் பாருங்கள். 8 ஸ்குரூ வேலைதான். இரண்டையும் உள்ளிழுக்க வைத்தால் கூலண்ட் இறங்கும், ஆனால் கேஸுக்குள் காற்று சூடாகி மதர்போர்டின் விஆர்எம்மும் (சிபியூவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) எம்.2 எஸ்எஸ்டியும் தவிக்கும். அந்த இரண்டின் சூட்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபேன் வேகம் எதைப் பார்த்து மாறுகிறது என்பதும் முக்கியம். சிபியூ சூட்டைப் பார்த்து மாறினால், பிரவுசர் திறக்கும்போதெல்லாம் ஃபேன் கத்தும். கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் உழைக்கும் கேமில் தூங்கும். கூலண்ட் சென்சாரோடு இணையுங்கள்: 30 டிகிரியில் குறைந்த வேகம், 45 டிகிரியில் முழு வேகம்.

இவ்வளவும் செய்தும் கூலண்டுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 20 டிகிரிக்குக் குறையவில்லை என்றால் ரேடியேட்டர் பரப்பு போதவில்லை. 10 டிகிரி நன்று, 15 ஒத்துக்கொள்ளலாம். அமைதியான ஃபேன் வேகத்தில் ஒரு 120 மி.மீ. பகுதிக்குச் சுமார் 100 வாட் என்று கணக்கு வையுங்கள். ஒரே ஒரு 240 ரேடியேட்டரில் 400 வாட் தள்ளினால் அது ஃபேனைக் கத்தவிட்டுத்தான் முடியும். புதிய கேஸ் வாங்குவதற்கு முன் கிராஃபிக்ஸ் கார்டின் மின் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். சூடு கணிசமாகக் குறையும், வேகத்தில் இழப்பு அந்த அளவுக்கு இருக்காது.

கூலண்ட் 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். பம்ப்களுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உச்ச வரம்பு பெரும்பாலும் 60 டிகிரி. பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கால் ஆன கடின ட்யூப் அந்தச் சூட்டை நெருங்கும்போதே இளகி, அதை மாட்டும் இணைப்பான ஃபிட்டிங்கிலிருந்து நழுவத் தொடங்கும்.

அறிகுறி 2: சத்தம்

சலசலப்பு, கொப்பளிப்பு என்றால் காற்று. பம்பை ஓடவிட்டு ரிசர்வாயரில் (கூலண்ட் தொட்டியில்) மட்டத்தைப் பாருங்கள், பம்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் மட்டம் கண்ணுக்குத் தெரிய உயர்ந்தால் லூப்புக்குள் எங்கோ காற்று அமுங்கி இருக்கிறது. பெரும்பாலும் வாய்கள் கீழே இருக்கும்படி நிறுத்திய ரேடியேட்டரின் மேல் தொட்டியில். அல்லது கிராஃபிக்ஸ் பிளாக்கின் மேல் மூலையில்.

வெளியேற்றும் முறை: கம்ப்யூட்டரை அணைத்து, மதர்போர்டின் 24 பின், சிபியூவின் 8 பின், கிராஃபிக்ஸ் கார்டு கேபிள் மூன்றையும் கழற்றுங்கள். பம்புக்கு மட்டும் மின்சாரம் இருக்கட்டும். 24 பின்னில் ஜம்பர் பிளக் செருகி பவர் சப்ளையை ஓடவிடுங்கள். (எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் கேபிளில் குண்டூசியை வைத்து ஊகிக்கும் வேலை வேண்டாம்.) பம்பை நிறுத்தி, கேஸை 45 டிகிரி சாய்த்து, சில வினாடி பிடித்து, நேராக வைத்து, 10 வினாடி ஓடவிடுங்கள். ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து இதையே செய்யுங்கள். சாய்ந்த நிலையில் பம்பை ஓட்டினால் அது காற்றை உறிஞ்சி வறண்டு ஓடும். டிடிசி என்ற சிறிய வகைப் பம்ப்கள் இதில் சீக்கிரம் போய்விடும். ரேடியேட்டரின் மறுமுனையில் கூடுதல் வாய் இருந்தால், அது உச்சியில் இருக்கும்படி பிடித்து மூடியை அரைச் சுற்று தளர்த்தினால் காற்று சீறி வெளியேறும். துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சுருதியில் ரீங்காரம் என்றால் பம்ப் கேஸ் தகட்டை அதிரச் செய்கிறது. வேகத்தை 40 முதல் 60 சதவீதத்துக்கு இறக்குங்கள். சின்ன லூப்புக்கு அது தாராளம். போகவில்லை என்றால் பம்புக்கு அடியில் ரப்பர் வாஷர். கடகடவென்ற சத்தம், காற்று எல்லாம் போன பிறகும் இருந்தால் பம்பின் சுழலியில் துகள் சிக்கியிருக்கும், இல்லை பேரிங் தேய்ந்திருக்கும். முதலாவதைக் கழுவலாம். இரண்டாவதற்குப் புது பம்ப்தான்.

அறிகுறி 3: தண்ணீர் ஓடவில்லை, அல்லது சோம்பலாக ஓடுகிறது

சுழற்சி எண் பூஜ்யம்: பம்பின் சாட்டா அல்லது மோலெக்ஸ் இணைப்பைப் பாருங்கள். பம்பின் மின்சாரத்தை மதர்போர்டு ஃபேன் சாக்கெட்டிலிருந்து எடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். அந்தச் சாக்கெட் சாதாரணமாக 1 ஆம்பியருக்குத்தான். 18 வாட் டிடிசி பம்ப் அதைத் தாண்டி 1.5 ஆம்பியர் இழுக்கும். வேகக் கட்டுப்பாட்டு வயர் மட்டும் மதர்போர்டுக்குப் போகலாம்.

சுழற்சி எண் இருக்கிறது, ஓட்டம் இல்லை: பம்பின் தலையில் காற்று அடைத்திருக்கிறது. மேலே சொன்ன சாய்க்கும் முறைதான். முதல் முறை நிரப்பும்போதே பம்ப் ரிசர்வாயருக்குக் கீழே இருக்கும்படி கேஸைப் புரட்டி வைத்து நிரப்பினால் இது வரவே வராது.

ஓட்டம் இருக்கிறது, குறைவு: மடிந்த ட்யூபைத் தேடுங்கள். 10/13 ட்யூப் (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13 மி.மீ.) இறுக்கமான வளைவில் மாட்டிய அன்று நன்றாக இருக்கும். இரண்டு வாரச் சூட்டில் இளகி மடியும். வளைவை 90 டிகிரி ஃபிட்டிங்காக மாற்றுங்கள், இல்லை சுவர் தடித்த 10/16-க்குப் போங்கள். ஓட்டம் எவ்வளவு வேண்டும் என்ற கவலை பலருக்கு. 300 வாட் வெப்பம் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீரைச் சுமார் 4 டிகிரிதான் கூட்டும். அதற்கு மேல் ஓட்டத்தைத் துரத்துவதில் பயன் சொற்பம். அரை லிட்டருக்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

அறிகுறி 4: கசிவு

கம்ப்யூட்டர் ஓடும்போது சொட்டைப் பார்த்தால் துடைக்கக் குனியாதீர்கள். சுவரில் ஸ்விட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். சொட்டு கிராஃபிக்ஸ் கார்டின் மேல் விழாத பக்கமாகக் கேஸைச் சாயுங்கள். கூலண்ட் மின்சாரம் கடத்தாது என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். உலோகத்தோடு பழகிய கூலண்ட் கடத்தும், தூசியோடு சேர்ந்தால் இன்னும் நன்றாகக் கடத்தும்.

பிறகு இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் சுற்றி டிஷ்யூ தாள் சுற்றி, ஜம்பர் பிளக்கால் பம்பை மட்டும் ஓட்டுங்கள். மேலே கசிந்து கீழே சொட்டும் என்பதால், நனைந்த தாள்களில் மிக உயரத்தில் இருப்பதுதான் குற்றவாளி.

இணைப்பில் கசிந்தால்: சின்ன கேஸில் முதல் காரணம் பக்கவாட்டு இழுப்பு. சுழலும் ஃபிட்டிங்கை இறுக்கமான ட்யூப் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தால் ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்) மறுபக்கம் தளரும். மூடியைச் சாத்தும்போது ட்யூப் அமுங்கினால், திறந்து சோதிக்கும்போது கசியாது, மூடினால் கசியும்! மூடியை மூடி வைத்தும் சோதிக்க வேண்டும் என்பது அதனால்தான். ட்யூபை 5 முதல் 10 மி.மீ. நீளமாக வெட்டி மறுபடி போடுங்கள். கடின ட்யூபில் கசிந்தால் வெட்டிய முனையைச் சீவி மழுங்கடிக்காமல் செருகியிருப்பீர்கள்; கூர்முனை ஓ-ரிங்கை அறுத்திருக்கும். ஓ-ரிங்கை மாற்றி, முனையை அரத்தால் ராவுங்கள்.

குழாய்க்காரர் பழக்கத்தில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். ஜி 1/4 நேரான மரை. அடைப்பது ஓ-ரிங், மரை இல்லை. டேப் சுற்றினால் ஓ-ரிங் தட்டையாக உட்காராது. இறுக்குவதும் கையால் மட்டும். ஸ்பேனர் போட்டால் அக்ரிலிக் விரிசல் விடும். விரிசலை ஒட்ட முயல வேண்டாம், அந்தப் பாகத்தை மாற்றுங்கள்.

ரேடியேட்டரின் நடுவில் கசிந்தால்: நீளமான ஸ்குரூ தண்ணீர்க் குழாயைத் துளைத்திருக்கிறது. 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. ஸ்குரூ. மெல்லிய 15 மி.மீ. ஃபேனுக்கு மாறும்போது அதே ஸ்குரூவைப் போட்டால் 10 மி.மீ. கூடுதலாக உள்ளே போய்த் துளைக்கும். 20 மி.மீ. ஸ்குரூ வேண்டும். துளைபட்ட ரேடியேட்டரை மாற்றுவதுதான் வழி.

சரிசெய்த பின் நிரப்புவதற்கு முன் காற்றழுத்தச் சோதனை: 0.5 பார், 30 நிமிடம், முள் அசையக் கூடாது. அதற்கு மேல் அழுத்தம் ஏற்ற வேண்டாம்.

நனைந்த பாகங்களை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவி 24 முதல் 48 மணி நேரம் உலரவிடுங்கள். போர்டில் உள்ள வட்ட பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு செருகும் பள்ளத்தின் உள்ளேயும் பாருங்கள், தண்ணீர் அங்கே ஒளிந்துகொள்ளும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: பவர் சப்ளைக்குள் தண்ணீர் போயிருந்தால் அதைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னேற்றம் இருக்கும். போர்டின் பாகங்களுக்கு இடையில் நீலப் பச்சைப் படிவு அல்லது கருகல் தெரிந்தாலும் மின்சாரம் கொடுத்துப் பார்க்காமல், போர்டு அளவில் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். ஒரு தடவை "பார்ப்போமே" என்று ஆன் செய்வதில்தான் பிழைக்கக்கூடிய கார்டுகள் சாகின்றன.

அறிகுறி 5: கசிவில்லை, ஆனால் மட்டம் குறைகிறது

முதல் இரண்டு வாரம் கணக்கில் இல்லை. காற்று வெளியேறி அந்த இடத்தைத் தண்ணீர் பிடிக்கிறது. அதன் பிறகும் மென் ட்யூப்களின் சுவர் வழியாக நீர் மெல்ல ஆவியாகும். மொத்தமே 200, 300 மில்லி உள்ள லூப்பில் இது சீக்கிரம் கண்ணில் படும். ஆறி இருக்கும்போது மட்டத்தில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். மாதத்துக்குச் சில மில்லி குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள். வெளியேறியது பெரும்பாலும் நீர்தான், கூலண்டில் கலந்த பாசிக்கொல்லி போன்ற மருந்து உள்ளேயே இருக்கிறது. வாரத்தில் ஒரு செ.மீ. இறங்கினால் அது கசிவு. ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவில் தேடுங்கள்.

விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குப் போகும்போது தண்ணீர் ஏறக்குறைய 1 சதவீதம் விரியும். 300 மில்லிக்கு 3 மில்லி. அது அமுங்க மேலே 5, 10 மி.மீ. காற்று இல்லை என்றால் அழுத்தம் ஓ-ரிங்குகளின் மேல் போகும்.

அறிகுறி 6: கூலண்ட் கலங்குகிறது, நிறம் மாறுகிறது

வெள்ளைப் படலம், பிசுபிசுப்பு: பிவிசி மென் ட்யூபில் உள்ள மென்மையாக்கி கரைந்து வருகிறது. பிளாக்கைக் கழுவி, ட்யூபை ஈபிடிஎம் ரப்பருக்கு மாற்றுங்கள். பச்சை வழுவழுப்பு: பாசி, பாசிக்கொல்லி இல்லாத நீர். தெளிவான கூலண்ட் நீலப் பச்சையாக மாறினால் செம்பு அரிக்கிறது. சாம்பல் நிறச் சேறு: லூப்பில் அலுமினியம் இருக்கிறது. பம்பும் ரேடியேட்டரும் சேர்ந்தே வரும் ஆல் இன் ஒன் கூலரின் ரேடியேட்டரைப் பிரித்து இடம் மிச்சம் பிடிக்கும் வேலையில் இது அடிக்கடி நடக்கும். அவற்றில் பல அலுமினியம். செம்பு பிளாக்கோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுக் குழி விழும். மருந்து எதுவும் இதைக் காப்பாற்றாது, ரேடியேட்டரை எடுத்துவிடுங்கள். கரும் துகள்கள்: புதிய ரேடியேட்டரைக் கழுவாமல் மாட்டியதால் வந்த பற்றவைப்பு மிச்சம்.

பிளாக்கைத் திறக்கும்முன் ஒரு படம் எடுங்கள், உள் தகட்டின் திசையும் ஓ-ரிங் போகும் வழியும் மறந்துபோகும். நிக்கல் பூச்சுள்ள பிளாக்குக்குச் சோப்பு நீர், மென்மையான பல் துலக்கி மட்டும். அமிலம் பட்டால் பூச்சு உரியும். வெறும் செம்பு என்றால் நீர் கலந்த வினிகரில் சில நிமிடம் வைக்கலாம். கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில்.

அறிகுறி 7: மூடி மூடவில்லை

ரேடியேட்டர் 30 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., ஆக 55. மெல்லிய ஃபேன் போட்டால் 45. இந்தக் கணக்கைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். ஃபிட்டிங்கின் உயரத்தையும், அதிலிருந்து ட்யூப் வளையும் இடத்தையும், கிராஃபிக்ஸ் கார்டின் மின் கேபிள் வளைவையும் விட்டுவிடுகிறார்கள். தள்ளி மூட வேண்டாம். பவர் சப்ளைக்குக் குட்டைக் கேபிள்கள், நேர் ஃபிட்டிங்குக்குப் பதில் சுழலும் 90 டிகிரி ஃபிட்டிங், இந்த இரண்டில் பாதிப் பிரச்சினை தீரும். வாங்குவதற்கு முன் ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்த அளவில் அட்டைப்பெட்டியை வெட்டி உள்ளே வைத்துப் பார்த்தால் மீதியும் தீரும். 15 லிட்டருக்குக் கீழே கடின ட்யூப் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அழகுதான், ஆனால் ரேம் மாற்ற லூப்பையே வடிக்க வேண்டி வரும்.

அறிகுறி 8: ஆன் ஆகவில்லை, அல்லது தானே அணைகிறது

ஆன் ஆனதும் சிபியூ ஃபேன் இல்லை என்ற எச்சரிக்கையில் நின்றால், அந்தச் சாக்கெட்டில் பம்பின் சுழற்சி வயரைச் செருகுங்கள். எச்சரிக்கையை அணைத்துவிடுவது எளிது, ஆனால் பம்ப் நிற்கும் நாளில் அதுதான் சொல்லும்.

கேமின் நடுவில் பொசுக்கென்று அணைந்தால், அணையும் முன் வேகம் குறைந்ததா பாருங்கள். குறைந்தது என்றால் வெப்பம், அறிகுறி 1. குறையாமல் பட்டென்று போனால் கிராஃபிக்ஸ் கார்டின் கண நேர மின் உச்சத்தைத் தாங்காமல் பவர் சப்ளை துண்டித்திருக்கலாம். லூப்பைத் தொடாதீர்கள், மின் வரம்பைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

பம்ப் ஓடுகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால், கார்டை நீட்டிப்புக் கேபிளில் மாட்டும் கேஸ்களில் முதல் சந்தேகம் அந்தக் கேபிள் மேல். பயாஸில் பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டு மதர்போர்டோடு பேசும் இணைப்பு) வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு மாற்றுங்கள். படம் வராததால் பயாஸுக்குள் போக முடியவில்லை என்றால் சிபியூவிலேயே உள்ள கிராஃபிக்ஸைப் பயன்படுத்தி மாற்றலாம். மாற்றியும் கார்டிலிருந்து படம் வரவில்லை என்றால், பிளாக்கோடு கார்டைக் கழற்றி, கேபிள் இல்லாமல் மதர்போர்டில் நேராகச் செருகிச் சோதியுங்கள். இதற்கு லூப்பை வடிக்க வேண்டியிருக்கும். கார்டில் தண்ணீர் இல்லாத நிலையில் பயாஸ் திரை தெரிகிறதா என்று மட்டும் சில வினாடி பார்த்து அணைத்துவிடுங்கள். நேராகச் செருகியும் படம் வரவில்லை, வேறு கம்ப்யூட்டரிலும் வரவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது அசல் கூலரையும் அதன் ஸ்குரூக்களையும் சேர்த்துக் கொடுங்கள்.